அப்பாவுக்கு வைத்த வார்த்தை

அந்த வீட்டில் ஒரு பொய் இரண்டு வருடமாகச் சோறு தின்று வளர்ந்துகொண்டிருந்தது. அப்பா பெயின்டர். அவருக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, அதனால் வெளிச்சுவர் வேலைக்குப் போவதில்லை, வீட்டுக்குள் செய்கிற வேலை மட்டும்தான் என்பது அந்தப் பொய். அவர் அதைச் சொன்னார், மனைவி தலையாட்டினாள், மகள்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டார்கள். நாலு பேராகச் சேர்ந்து சுமந்ததால் யாருக்கும் கனக்கவில்லை.

நடந்தது வேறு. ஒரு உயரமான கட்டடத்தின் வெளிப்பக்கத்தில் கயிற்றில் தொங்கவிட்ட பலகையில் உட்கார்ந்து அவரும் ஒரு கூட்டாளியும் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்துக் கயிறு நழுவியது. கூட்டாளி விழுந்து இடுப்பு உடைந்தார். இவர் மறுபக்கத்துக் கயிற்றைப் பிடித்துத் தொங்கினார். மேல் மாடி ஜன்னல் வழியாக நாலு பேர் இழுத்து உள்ளே போட்டார்கள். உடம்பில் ஒரு கீறல் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு, "வெயில் ஒத்துக்கல, இனிமே உள்வேலைதான்" என்றார். கூட்டாளி விழுந்த சேதி அடுத்த நாள் வேறு ஆள் சொல்லித்தான் வீட்டுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் ஏணியில் ஏறி யாரும் பார்க்கவில்லை. கூரைக்கு அடிக்க வேண்டுமென்றால் நீளக் கம்பில் ரோலரை மாட்டிக்கொண்டு தரையில் நின்றபடி அடிப்பார். கம்புக்கு எட்டாத மூலைகளை, அவரோடு வேலை செய்கிற இளந்தாரி பார்த்துக்கொள்வான். எந்நேரமும் கையில் ரோலரோடு திரிவதால் அவனுக்கு ரோலர் என்றே பெயர் ஆகிவிட்டது. அவனுக்கும் விஷயம் தெரியும். அவனும் வெயிலைத்தான் திட்டுவான்.

இந்த வீட்டின் இரண்டாவது மகள், சின்னவள், அந்த வருடம் பள்ளிக்கூடம் முடித்தாள். மார்க் நன்றாக வந்தது. பிசியோதெரபி படிக்க மனு போட்டாள். பெயர் பட்டியலில் வந்தது, ஆனால் ஒரு கொக்கியோடு வந்தது. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் கல்லூரியில் ஒரு நேர்காணலுக்கு வர வேண்டும், அது முழுக்க ஆங்கிலத்தில் நடக்கும், பெற்றோரில் ஒருவர் கூட வர வேண்டும். பேசத் தெரியாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும்.

போனால் என்ன ஆகும் என்பதைச் சின்னவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அம்மாவும் அக்காவும் காலையில் ஒன்றாகக் கிளம்பி, பை தைக்கிற பட்டறைக்குப் போவார்கள். அக்காவுக்கு ஜிப் வைக்கிற வேலை. பள்ளிக்கூடம் முடித்த வருடம் "சும்மா கொஞ்ச நாள்" என்று போனவள்தான். பக்கத்து மெஷின் காலியாக இருப்பதாக மேற்பார்வை பார்க்கிறவர் இப்போதே இரண்டு தரம் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆங்கிலம் அவளுக்கு அறவே தெரியாது என்று சொல்ல முடியாது. படித்தால் புரியும். பேச வாயைத் திறந்தால்தான் 'குட்', 'நைஸ்', 'வெரி குட்' என்று மூன்று பிள்ளைகள் மட்டும் ஓடி வந்து நிற்கும். அதை வைத்துக்கொண்டு கல்லூரிக்குள் நுழைய முடியாது, பெரிய வார்த்தைகள் வேண்டும் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். இது அவளாகக் கட்டிக்கொண்ட முடிவு. யாரும் அப்படிச் சொல்லவில்லை.

வார்த்தைகளைக் கொண்டுவந்து கொடுத்தது அப்பாதான். பெயின்ட் அடிக்கப் போன வீட்டில் அலமாரியைக் காலி செய்தபோது தூக்கிப் போட்ட புத்தகம். எந்த நாட்டுப் பரீட்சைக்கோ எழுதியது. கடினமான வார்த்தைகளும் பொருளும் வரிசையாக இருந்தன. முன்பாதி கிழிந்துபோய், எம் என்ற எழுத்திலிருந்து தொடங்கியது.

"அப்ப எம்முக்கு முன்னாடி இருக்கறதை யாராவது பேசினா காதைப் பொத்திக்குவியா?" என்றாள் அக்கா.

"சிரிச்சு சமாளிச்சுக்குவேன்."

"அதுக்குப் புத்தகமே வேண்டாமே. நான் அப்படித்தான் சூப்பர்வைசர்கிட்ட ஓட்டிட்டு இருக்கேன்."

மனப்பாடம் செய்து பார்த்தாள். காலையில் ஏறியது சாயங்காலம் பாத்திரம் கழுவின தண்ணீரோடு போய்விட்டது. அடுத்த நாள் அதே பக்கம், அதே வார்த்தைகள், யாரோ புது ஆட்கள் மாதிரி முறைத்துக்கொண்டு நின்றன. ஒரு வாரம் இப்படியே போனதும் அவளுக்கு அழுகை வந்தது. மூளையே இல்லையோ, மார்க் எல்லாம் தப்பித் தவறி வந்ததோ என்று நினைத்தாள்.

அப்புறம் ஒரு நாள் மாடிப்படியில் நடந்தது. கீழ் வீட்டில் இருக்கிற வீட்டு உரிமையாளரின் மனைவி, இவள் குடத்தோடு படி ஏறிக்கொண்டிருக்கும்போதே படி விளக்கை அணைத்துவிட்டாள். கரண்டு வீணாகிறதாம். இருட்டில் குடத்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்ற அந்த நொடியில், காலையில் படித்த 'மைஸர்' என்ற வார்த்தை கூப்பிடாமலே வந்து நின்றது. கஞ்சப் பிசினாறி என்று பொருள். அதற்குப் பிறகு அது போகவே இல்லை. அந்த அம்மாளைப் பார்த்தால் வார்த்தை வரும், வார்த்தையைப் பார்த்தால் அந்த அம்மாள் வருவாள்.

வழி கிடைத்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஓர் ஆளைத் தேட ஆரம்பித்தாள்.

'மெடில்சம்' என்றால் ஊர் விவகாரத்திலெல்லாம் மூக்கை நுழைக்கிறவர். எதிர்வீட்டு அத்தையை விட்டால் அதற்கு வேறு நாதி ஏது. 'ஸ்டபர்ன்' என்றால் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள். அது அம்மாவுக்குப் போனது. தன் அழகில் தானே மயங்குகிற 'வெய்ன்' என்பதைச் சித்தப்பாவுக்கு வைத்தாள், வண்டிக் கண்ணாடி, கடைக் கண்ணாடி, கரண்டியின் குழி என்று எதில் முகம் தெரிந்தாலும் அவர் தலை சீவிக்கொள்வார். டீ குடிக்கும்வரை யாரோடும் பேசாமல் உம்மென்று உட்கார்ந்திருக்கிற அக்காவுக்கு 'ஸல்லன்'.

அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "எனக்குன்னு தனியா ஒரு இங்கிலீஷ் வார்த்தையா? கேட்டா ஆபீசர் பேர் மாதிரி இருக்கே" என்றாள். மறுநாள் காலையில் அடுப்படிக்கு வந்து, "ஸல்லன் வந்திருக்காங்க, டீ ரெடியா?" என்றாள். அம்மா திரும்பிப் பார்த்து, "யாருடி அது?" என்று கேட்க, இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பாவும் விஷயம் புரியாமல் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வேடிக்கையாகத்தான் தொடங்கியது. போகப் போகச் சின்னவள் ஒன்றைக் கவனித்தாள். நல்ல வார்த்தைகள் யார்மேலும் ஒட்டவில்லை. உயர்ந்த குணம் உள்ள என்று பொருள் தரும் 'நோபிள்' என்ற வார்த்தையை மூன்று நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். அப்பாவுக்கு வைத்துப் பார்த்தாள். அன்றைக்கென்று பார்த்து அவர் துண்டைக் காணோம் என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டி, கடைசியில் அதைத் தன் தோளிலேயே கண்டுபிடித்தார். வார்த்தை வழுக்கி விழுந்தது. குறைக்குப் பிடிக்க ஒரு கைப்பிடி இருந்தது, நிறைக்கு அப்படி எதுவும் இல்லை. அவளுக்கோ நாள் குறைந்துகொண்டிருந்தது. ஒட்டுவதை எடுத்துக்கொண்டு ஒட்டாததை விட்டுவிட்டாள். பஸ்ஸில், கடையில், தண்ணீர்க் குழாயடியில் எங்கே நின்றாலும் ஆட்களின் முகத்தைப் பார்த்து என்ன குறை என்று தேடுவது பழக்கமாகிவிட்டது.

ஒரு நாள் அடுப்படி டியூப் லைட் போய்விட்டது. அப்பா புதுசு வாங்கி வந்தார். அட்டையைக் கிழித்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தார். பிறகு பெரியவளைக் கூப்பிட்டார்.

"நீ உயரமா இருக்க. ஏறி மாட்டு."

அப்பாவைவிட அக்கா ஒரு சாண் குட்டை. அக்கா முக்காலியில் ஏறினாள். அப்பா குனிந்து இரண்டு கையாலும் முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டார். மேலே பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய பிடரியில் வேர்த்திருந்தது.

கதவோரம் புத்தகத்தோடு நின்ற சின்னவளின் மனதில் 'டிமிட்' என்ற வார்த்தை, யாரும் அடிக்காமலே ஆணி இறங்கின மாதிரி இறங்கியது. எதற்கும் அஞ்சுகிற, பயந்த சுபாவம் உள்ள என்று பொருள்.

அக்காவிடம் சொன்னாள். அக்கா சிரிக்கவில்லை.

"அதை வேற யாருக்காவது வை" என்றாள்.

"ஒட்டிடுச்சுக்கா. இனி எடுக்க வராது."

"ஒட்டினா ஒட்டிட்டுப் போகட்டும். வாயில வரக்கூடாது, அவ்வளவுதான்."

"இங்கிலீஷ்ல தானேக்கா. அவருக்கு என்ன தெரியப்போகுது?"

அக்கா துணி மடிக்கப் போய்விட்டாள்.

நேர்காணலுக்கு முந்தின வாரம் முழுக்க ஒத்திகை நடந்தது. அம்மாவின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கா மேடம் ஆனாள். உன்னைப் பற்றிச் சொல், ஏன் இந்தப் படிப்பு, படித்து முடித்து என்ன செய்வாய் என்று மூன்று கேள்விகள். மூன்றுக்கும் சின்னவள் பதில் எழுதி உருப்போட்டிருந்தாள். மூன்றிலும் 'மக்களுக்குச் சேவை' இருந்தது. ஏன் இந்தப் படிப்பு என்பதற்கு உண்மையான பதில் அவளிடம் வேறு ஒன்று இருந்தது. அப்பாவின் கூட்டாளியைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது, ஒரு சின்ன வயசுப் பெண் அவர் இடுப்பில் பட்டையைக் கட்டி, அதட்டி, கெஞ்சி, ஒவ்வொரு அடியாக நடக்க வைத்ததைப் பார்த்தாள். ஆனால் அதைச் சொன்னால் கயிற்றைச் சொல்ல வேண்டும், கயிற்றைச் சொன்னால் அப்பாவைச் சொல்ல வேண்டும். ஆகவே சேவையோடு நிறுத்திக்கொண்டாள்.

நேர்காணல் அன்று அப்பா வேலைக்குப் போகவில்லை. காலையிலேயே பெயின்ட் கரைக்கிற தின்னரில் பஞ்சை நனைத்து நகக்கண்ணையெல்லாம் தேய்த்தார். அப்படியும் ஓரத்தில் வெள்ளை இருந்தது. துவைத்து மடித்த சட்டை போட்டுக்கொண்டார். பஸ்ஸில் இரண்டு தரம், "பயப்படாத, என்ன" என்றார். சின்னவளுக்கு அது சிரிப்பாக இருந்தது. அவளுக்கே பிடிக்காத ஒரு சிரிப்பு அது.

அறை சின்னது. மேஜைக்குப் பின்னால் ஒரு மேடமும் வயதான ஒரு சாரும் இருந்தார்கள். சார் காகிதங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். மேடம்தான் கேட்டார். அப்பாவைப் பக்கத்து நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவர் நுனியில் உட்கார்ந்து கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

முதல் கேள்விக்கு உருப்போட்டதை ஒப்பித்தாள். இரண்டாவதற்கும் ஒப்பித்தாள். மேடம் பேனாவைக் கீழே வைத்தார். காலையிலிருந்து வந்த எல்லோரும் சேவை செய்யத்தான் போகிறார்கள், அதை விடு என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, "உன் அப்பா பக்கத்தில்தானே இருக்கிறார், அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று சொல்லேன்" என்று கேட்டார்.

தயாரித்ததில் இது இல்லை. சின்னவள் வார்த்தை தேடினாள். 'குட்' வந்து நின்றது. 'வெரி குட்' வந்து நின்றது. அவற்றை விரட்டினாள். நாலு வருடம் படிக்கப் போகிற இடத்தில் என் அப்பா ரொம்ப நல்லவர் என்று பால்வாடிப் பிள்ளை மாதிரி சொல்வதா. மேடம் காத்துக்கொண்டிருந்தார். சார் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். காலியாக இருக்கிற மெஷின் நினைவுக்கு வந்தது.

பக்கவாட்டில் திரும்பி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பார்த்ததும் வார்த்தை வந்தது.

என் அப்பா ஒரு பெயின்டர், அவர் டிமிட் என்றாள். ஒன்று வந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்தது வந்தது. கயிறு நழுவியதைச் சொன்னாள். கூட்டாளி விழுந்ததைச் சொன்னாள். அன்றிலிருந்து அப்பா ஏணி ஏறுவதில்லை, வெயில் என்று பொய் சொல்கிறார், நாங்கள் நம்புவதுபோல் நடிக்கிறோம், அடுப்படி விளக்கை மாற்றக்கூட என் அக்காவைக் கூப்பிடுகிறார், முக்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்க்கிறார் என்றாள். தப்பும் தவறுமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நிற்காமல் வந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக ஆங்கிலத்தில் தான் நினைத்ததைச் சொல்கிறோம் என்று உடம்பெல்லாம் ஒரு சூடு பரவியது. சார் காகிதத்தை மூடிவிட்டுக் கேட்டார். அப்பாவும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் புரியாமல், அவள் ஒவ்வொரு வாக்கியம் முடிக்கும்போதும் மெல்லத் தலையை ஆட்டி, வாய் கொள்ளாமல் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார். தன்னைப் பற்றித்தான் என்பது மட்டும் 'ஃபாதர்' என்ற வார்த்தையிலிருந்து அவருக்குத் தெரிந்திருந்தது.

அவள் நிறுத்தியதும் மேடம் காகிதத்தில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார். அப்பாவின் பக்கம் திரும்பி, நல்ல மனதோடு, சுத்தமான பேச்சுத் தமிழில் கேட்டார்:

"அந்தக் கூட்டாளிக்கு இப்ப எப்படி இருக்கு?"

அப்பாவுக்கு விளங்கவில்லை. "எந்தக் கூட்டாளிங்க மேடம்?"

"பலகையிலேர்ந்து விழுந்தாரே, அவர். உங்க பொண்ணு எல்லாத்தையும் சொன்னா. அதுக்கப்புறம் உங்களுக்கு உயரம்னாலே பயம் வந்துடுச்சாமே. வெட்கப்பட ஒண்ணுமே இல்லைங்க. எங்ககிட்ட வர்றவங்க நிறையப் பேருக்கு இந்தப் பயம் இருக்கு. சொன்னா சரி பண்ணலாம். மறைச்சா தான் கஷ்டம்."

அப்பாவின் முகத்தில் பூரிப்பு அப்படியே இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த அப்பா மட்டும் எழுந்து போய்விட்டதுபோல் இருந்தது. அவர் தன் கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்து மடியில் வைத்தார்.

"ஆமாங்க மேடம்" என்றார். "இப்ப குச்சி வச்சுக்கிட்டு நடக்கறாருங்க" என்றார்.

இடம் கிடைத்துவிட்டது. வெளியே வராந்தாவில் சின்னவள் அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் நடந்தாள். அவர்தான், "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார். திரும்பி வருகிற பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் சீட் காலியாக இருந்தும், அவர் முன்னால் போய்த் தனியாக உட்கார்ந்தார். வெயில் அந்தப் பக்கம்தான் அடித்தது.

வழியில் இறங்கிக் கேக் வாங்கினார். வீட்டில் கேக்கைப் பிரித்துவைத்து, "டக்குடக்குனு பதில் சொன்னா. அந்த மேடமே அசந்து போயிட்டாங்க" என்று அம்மாவிடம் சொன்னார்.

"என்னங்க கேட்டாங்க?" என்றாள் அம்மா.

"என்னைப் பத்திக் கேட்டாங்க."

"உங்களைப் பத்தியா? உங்களைப் பத்திச் சொல்ல என்ன இருக்கு?"

"இருந்துச்சு" என்றார் அப்பா. "உள்ளதைச் சொன்னா."

அக்கா சின்னவளைப் பார்த்தாள். கேக்கைத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். சின்னவள் பின்னாலேயே போனாள்.

"சொல்லிட்டியா?"

"வேற எதுவும் வரலக்கா."

"அவரை வச்சுக்கிட்டேவா?"

"அவருக்குப் புரியாதுன்னு நினைச்சேன். அந்த மேடம் தமிழ்ல..."

"நீயா சொல்லாம மேடம் எப்படிச் சொல்லுவாங்க?" அக்கா குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். கை சுத்தமாகத்தான் இருந்தது. "எனக்கு வார்த்தை வச்சப்ப நானும்தான் சிரிச்சேன். அம்மாவுக்கு வச்சப்பவும் சிரிச்சேன். என்னமோ நமக்குள்ளதானேன்னு இருந்தேன். போ, கேக் சாப்பிடு. நீ வாங்கின சீட்டு."

சின்னவள் கேக்கைத் தொடவில்லை.

அப்பா அவளைத் திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பாள். அவர் திட்டவில்லை. எப்போதும்போலச் சாப்பிட்டார், எப்போதும்போலத் தூங்கினார். ஆனால் அவள் அறைக்குள் வந்தால் கையில் எதையாவது எடுத்துக்கொண்டார், பேப்பரோ துண்டோ. பார்க்கப்படுகிறவர் ஆகிவிட்டார். அவள் கண் தன்மேல் பட்டால் அதிலிருந்து என்ன வார்த்தை வருமோ என்று கூசுகிறவரைப்போல நடந்துகொண்டார். சின்னவளுக்கும் அவரைப் பார்த்தால் அந்த ஒரு வார்த்தைதான் வந்தது. வேண்டாம் என்று தள்ளினால் இன்னும் சத்தமாக வந்தது. கல்லூரிக்குப் படிக்கப் போகிறோமா, இல்லை ஒவ்வொருவரையாக இப்படிப் பெயர் எழுதி ஒட்டி வெளியே தள்ளக் கற்றுக்கொள்ளப் போகிறோமா என்று யோசித்தாள். சீட்டு வேண்டாம் என்று சொல்லவும் மனம் வரவில்லை. அதுதான் அவளை அதிகம் சுட்டது.

இரண்டு நாள் கழித்து, காலையில் சட்டை மாட்டிக்கொண்டே அப்பா சொன்னார்:

"மேஸ்திரிகிட்டச் சொல்லியிருக்கேன். இன்னையிலேர்ந்து வெளிச்சுவர் பாக்கறேன்."

அம்மா தோசைக் கரண்டி கூட எடுக்காத காலை அது, பட்டறைக்கு நேரமாகிவிட்டது. செருப்பில் ஒரு காலை நுழைத்தபடி நின்றாள்.

"உங்களுக்கு வெயில் ஒத்துக்காதே" என்றாள்.

அப்பா பட்டனைப் போட்டு முடித்தார். "வெயில்னு யார் சொன்னா?" என்றார்.

இரண்டு வருடமாக அதைச் சொன்னவர் அவர்தான். அம்மா பெரியவளைப் பார்த்தாள், பெரியவள் சின்னவளைப் பார்த்தாள். அப்பா வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

மதியம் சாப்பாட்டைத் தூக்கில் எடுத்துக்கொண்டு சின்னவள் போனாள். இரண்டு மாடி வீடு. பக்கவாட்டுச் சுவருக்கு இளம் மஞ்சள் அடித்துக்கொண்டிருந்தார்கள். கீழ்ப்பாதி முடிந்து ஈரமாகப் பளபளத்தது. ஏணியின் நடுவில் அப்பா நின்றார். ரோலர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினான்.

"வந்தியா தாயி. அண்ணன் ரொம்ப நேரமா அதே படியிலதான் நிக்கறாரு. கைக்கு எட்டற இடத்தையே திரும்பத் திரும்ப அடிக்கறாரு. அந்த இடத்துல மட்டும் சுவரு ஒரு இஞ்சு தடிச்சிருக்கும்."

"இறங்கச் சொல்லுங்கண்ணா."

"நான் சொன்னா கேக்கறாரா? கீழ்ப்பாதி காயறதுக்குள்ள மேல்பாதியைச் சேத்துடணும். இல்லைன்னா நடுவுல பட்டையா ஒரு கோடு விழும், மேஸ்திரி வந்து என் தோலை உரிப்பாரு."

சின்னவள் தூக்கைத் தரையில் வைத்துவிட்டு ஏணிக்குக் கீழே போனாள். ரோலர் விலகி இடம் கொடுத்தான். அவள் இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்ததும், அதன் வழியாக ஒரு நடுக்கம் அவள் விரல்களுக்கு வந்தது. மேலே அவருடைய கால் ஆடிக்கொண்டிருந்தது. பெரிதாக இல்லை. வண்டி ஓடுகிறபோது கண்ணாடி அதிருமே, அந்த அளவு.

"அப்பா" என்றாள்.

அவர் கீழே பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

"என்ன?"

"எனக்கு வேற வார்த்தை தெரியலப்பா."

அவர் கையிலிருந்த ரோலர் சுவரில் ஒரு முறை மேலும் கீழும் ஓடியது. "தெரிஞ்சிருந்தா வேற சொல்லியிருப்பியா?"

இல்லை என்றோ ஆமாம் என்றோ சட்டென்று சொல்லிவிடலாம். அவள் யோசித்தாள். அந்த அறையில் உடம்பெல்லாம் பரவிய சூட்டை நினைத்தாள்.

"தெரியலப்பா" என்றாள்.

அப்பா ஒரு காலைத் தூக்கி அடுத்த படியில் வைத்தார். மறு கால் வரவில்லை. ஏணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். அவருடைய முதுகு ஏறி இறங்கியது. தெருவில் போன ஒரு சைக்கிள்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போனார். கீழ்ப்பாதிச் சுவரின் ஓரத்தில் ஈரம் மங்கத் தொடங்கியிருந்தது. ரோலர் அதைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

அப்பா வைத்த காலை எடுத்தார். ஒவ்வொரு படியாக, பாதத்தால் தடவித் தடவி இறங்கி வந்தார். தரையில் நின்று, கையிலிருந்த ரோலரை அவனிடம் நீட்டினார்.

"நீ ஏறுடா. எனக்கு மேல போக முடியல. பயமா இருக்கு."

சாதாரணமாக, பசிக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். ஆனால் காது சிவந்திருந்தது. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து சின்னவள் கேட்பது அதுவே முதல் தடவை. ரோலருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவன் வெயிலைத் திட்டுவதற்காக எடுத்த மூச்சை அப்படியே விட்டான்.

"இதுக்கு என்னண்ணே, நான் ஏறறேன்" என்று மடமடவென்று ஏறினான்.

அப்பா ஏணியின் ஒரு காலைப் பிடித்தார். சின்னவள் விலகப் போனாள். "அந்தக் காலை நீ புடி" என்றார். பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டு பேர் புடிக்கிற அளவுக்கு நான் என்ன மந்திரியா?" என்றான் மேலேயிருந்து ரோலர். யாரும் சிரிக்கவில்லை. அவன் வேகமாக அடித்தான். மஞ்சள் துளி ஒன்று அப்பாவின் தோளில் விழுந்தது, அவர் துடைக்கவில்லை.

"காலேஜ் எப்ப?" என்று கேட்டார், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"திங்கக்கிழமைப்பா."

"அங்கயும் கேப்பாங்களா, வீட்டைப் பத்தி?"

"கேக்கலாம்."

மேல்பாதியும் கீழ்ப்பாதியும் சேர்ந்த இடத்தில் கோடு விழுந்துவிட்டதா இல்லையா என்று ஈரத்தில் தெரியவில்லை. காய்ந்தால்தான் தெரியும்.

"என்னைப் பத்திக் கேட்டா, முதல்ல வந்து என்னைக் கேளு. கேட்டுட்டு அப்புறம் சொல்லு."

"சரிப்பா" என்றாள். அவளுடைய கை ஏணியில்தான் இருந்தது. ஏணியின் மறு காலை அவர் பிடித்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.